மாகாளிக் கிழங்கும் மாத்திரைக் குப்பியும்



விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் இப்போதெல்லாம் புடவைகளைவிடப் பொடிப் பொட்டலங்களே அதிகம். திருப்பதிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்போது லட்டுடன் நன்னாரி வேரும், செஞ்சந்தனத் துண்டும், பெயர் தெரியாத இரண்டு சூரணங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. இங்கே அமெரிக்கக் கடைகளிலோ நம் ஊர் மூலிகைகளே மாத்திரைக் குப்பிகளில் அடைபட்டு, "ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது", "அழற்சியைத் தணிப்பது" என்ற வாசகங்களுடன் அலமாரியில் நிற்கின்றன. சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் என்னிடம் குப்பியை நீட்டி, "தம்பி, இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்து, பிறகு ஆய்வுக்கூடங்களிலேயே காலத்தைக் கழித்தவன். மருத்துவன் அல்லன். ஆகவே யாருக்கும் மருந்து சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அந்தக் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு சொற்களுக்கும் ஆய்வுக்கூடத்தில் என்ன பொருள், வீட்டில் என்ன பொருள் என்பதைச் சொல்ல முடியும். என் சொந்த ஊர்ச் செடிகளையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

மலையும் சீமையும்

சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. அதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டோடு இருந்தது. அதனால்தான் இன்றும் அங்கே தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இரு மாவட்டத்து மக்களுக்கும் மூலிகை என்றால் நினைவுக்கு வருவது சேஷாசல மலைத்தொடர். 2010-இல் அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். திருமலையும் தலகோனா அருவியும் இந்தத் தொடரிலேயே இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத, அல்லது மிக அரிதாகவே வளரும் செடிகொடிகள் இங்கே உண்டு. யானாதி, இருளர், சுகாலி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றை அறிந்து, பறித்து, விற்று வாழ்ந்திருக்கிறார்கள்.

துருவும் தணலும்

முதலில் ஆன்டி ஆக்ஸிடன்ட். நறுக்கிய ஆப்பிள் சிறிது நேரத்தில் கறுத்துப்போகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, பழைய எண்ணெய் காறுகிறது. இவை எல்லாம் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை. ஆப்பிள் துண்டின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கறுக்காமல் இருக்கிறது அல்லவா? அந்தச் சாற்றின் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் சி-யும் ஆக்ஸிஜனின் வேலையைத் தடுக்கின்றன. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது இப்படித் தடுக்கும் பொருள்.

நம் உடம்புக்குள்ளும் மூச்சுவிடும்போதெல்லாம் ஓர் எலக்ட்ரான் குறைந்த மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள். ஜோடி தேடி அலைந்து, பக்கத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் இவை சிதைக்கின்றன. ஆன்டி ஆக்ஸிடன்ட் தன் எலக்ட்ரானைக் கொடுத்து இவற்றை அடக்குகிறது.

அடுத்தது அழற்சி. காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். கிருமியோடு போராட உடம்பு மூட்டும் தணல் அது. அது தேவையானது. முள்ளை எடுத்த பிறகும் அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால்தான் தொல்லை. மூட்டுவாதம் அப்படிப்பட்டது. வில்லோ மரப்பட்டையிலிருந்து கிடைத்த அறிவே 1897-இல் ஆஸ்பிரின் ஆனது. அது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்து அழற்சியைத் தணிக்கிறது என்று 1971-இல்தான் ஜான் வேன் கண்டுபிடித்தார். அதற்காக 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் படியில் நிற்கும்போது அதை மருந்து என்று அழைக்கலாம் என்பதே கேள்வி.

மூன்று படிகள்

ஒரு மூலிகைச் சாறு மூன்று படிகள் ஏற வேண்டும். முதற்படி சோதனைக்குழாய். இரண்டாவது எலி. மூன்றாவது மனிதர்.

முதற்படியில் பெரும்பாலும் செய்யும் சோதனை இதுதான். டி.பி.பி.எச். என்ற ரசாயனத்தைக் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் வரும். அதில் மூலிகைச் சாற்றை விட்டால், ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கும் அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். கருவியில் நிறத்தை அளந்து எழுதிவிடலாம். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் செய்யும் சோதனை இது; மலிவானது, விரைவானது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டுக் காபி டிகாக்ஷனை விட்டாலும் அது மஞ்சளாகும். தேநீரை விட்டாலும் ஆகும். நிறம் மாறியது என்றால் குழாயில் நிறம் மாறியது என்று மட்டுமே பொருள். வயிற்றுக்குள் போய், குடல் உறிஞ்சி, கல்லீரல் உடைத்து, மிச்சம் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதை அந்தக் குழாய் சொல்லாது.

அமெரிக்க விவசாயத் துறை, உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனை இப்படிக் குழாயில் அளந்து ஓராக் என்ற பட்டியலாக வெளியிட்டிருந்தது. வியாபாரிகள் அந்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள். குழாயில் கண்ட எண்ணை மனித உடம்புக்குப் பொருத்த முடியாது என்று கூறி, 2012-இல் அந்தத் துறையே பட்டியலை விலக்கிக்கொண்டது.

இனி நம் மலைச் செடிகள் எந்தெந்தப் படியில் நிற்கின்றன என்று பார்ப்போம்.

மாகாளிக் கிழங்கு

மாகாளி ஊறுகாய் என்றதும் சிலருக்கு நாவில் நீர் ஊறும். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு "மூட்டைப்பூச்சி வாசனை" என்று ஓடுவார்கள். மண் போக ஊறவைத்துக் கழுவி, தோல் சீவி, நடுவிலுள்ள நாரை எடுத்துவிட்டு, துண்டாக நறுக்கி, உப்பு, மிளகாய், மஞ்சள், கடுகுப் பொடியுடன் புளித்த மோரில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தாவரவியலில் இதன் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. ராயலசீமையில் மாரெடு கொம்முலு என்பார்கள். அங்கே நன்னாரி சர்பத் என்று விற்பதில் பெரும்பாலும் இந்த வேர்தான் இருக்கும். தமிழ்நாட்டு நன்னாரி வேறு கொடி. அதன் வேர் மெல்லியது. மாகாளி விரல் தடிமனிலும் அதற்கு மேலும் இருக்கும்.

அந்த வாசனைக்குக் காரணம் வெனிலாவின் மணப்பொருளுக்கு உடன்பிறப்பான ஒரு ரசாயனம். இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அடுக்கிய விதம் மட்டும் வேறு. வேரை வடித்தெடுக்கும் மணஎண்ணெயில் சுமார் 96 சதவீதம் இந்த ஒரே பொருள்தான் என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2001-இல் கண்டார்கள். தானியத்தைத் தாக்கும் பூச்சிகளை இந்த வேர் கொல்கிறது என்பதும் 1999-இல் அங்கிருந்து வந்த முடிவு. ஊறுகாய் கெடாமல் இருப்பதில் வியப்பென்ன?

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. செடி இந்தப் பொருள்களை நமக்காகச் செய்யவில்லை. பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. அளவாக உண்டால் நமக்குச் சுவை. பூச்சிக்கோ அதுவே விஷம்.

2006-இல் அதே மைசூர் நிலையத்தார், மாகாளி வேரின் நீர்ச்சாற்றில் எல்லாஜிக் அமிலம் முதலிய ஆன்டி ஆக்ஸிடன்ட் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ஆக்ஸிஜனேற்றம் அடைவதை அவை குழாயில் தடுத்தன. பிறகு எலிகளின் கல்லீரலை ரசாயனச் சேதத்திலிருந்து அச்சாறு காத்ததையும் காட்டினார்கள். நல்ல ஆராய்ச்சி, ஆனால் நிற்பது இரண்டாம் படியில். ஊறுகாயாகவும் சர்பத்தாகவும் தாராளமாக ரசியுங்கள். கல்லீரல் மருந்தாக எண்ணிக்கொண்டு உண்ண வேண்டாம்.

செஞ்சந்தனம்

நம் கொலுப் படியில் நிற்கும் மரப்பாச்சித் தம்பதிகளை நினைவிருக்கிறதா? திருப்பதியில் வாங்கியவை பல செம்மரத்தால் ஆனவை. அந்தப் பொம்மையைக் கல்லில் இழைத்து, குழந்தையின் வீக்கத்துக்கும் தோல் தடிப்புக்கும் பாட்டிமார் பற்றுப் போடுவார்கள். வாசனைச் சந்தனத்துக்கும் இதற்கும் உறவில்லை. மணமே இல்லாத இந்தச் சிவப்பு மரம் சேஷாசலத்திலும் அதை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது.

பாட்டி போட்ட பற்றுக்குக் காரணம் இருக்கிறது. இந்த மரத்திலுள்ள சவினின் என்ற பொருள், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா உண்டாவதைக் குறைக்கிறது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. டிரோஸ்டில்பீன் என்ற மற்றொரு பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இதிலிருந்துதான். அதே 2001-இல், நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து, செம்மரப் பட்டையின் சாறு சர்க்கரை நோயுள்ள எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது என்ற ஆய்வும் வெளிவந்தது. இவையும் முதலிரண்டு படிகளே.

செம்மரத்தின் நெருங்கிய உறவு வேங்கை. வேங்கைக் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் பழுப்பேறிய நீரைக் குடித்தால் சர்க்கரை தணியும் என்பது நாடெங்கும் உள்ள நம்பிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை மனிதரிடமே சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டது. புதிதாக நோய் கண்ட 97 பேருக்கு வேங்கைச் சாற்றைக் கொடுத்ததில், 12 வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மருந்தில்லாத மாத்திரையை வாங்கிக்கொண்ட இன்னொரு குழு ஒப்பிட இல்லை. அவர்கள் நோய் தொடங்கிய நிலையில் இருந்தவர்கள். அளந்து கொடுத்த சாற்றைக் குடித்தார்கள். மருத்துவர்கள் கூடவே இருந்து ரத்தம் பார்த்தார்கள்.

என் அத்தைக்கு இருபது ஆண்டுச் சர்க்கரை. குவளையை விற்றவர், "இனி மாத்திரை வேண்டாம் அம்மா" என்று சொல்லியிருக்கிறார். அத்தையும் நம்பி நிறுத்திவிட்டார். ரத்தம் பார்க்கவில்லை. நாலு மாதத்தில் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் அழுகி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. குவளை நீர் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மாத்திரையை நிறுத்தியதுதான் கெடுத்தது. ஊரில் தனியாக இருக்கும் நம் பெற்றோர்களிடம் தொலைபேசியில் பேசும்போது, "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்பதோடு, "புதிதாக ஏதாவது பொடி சாப்பிடுகிறீர்களா?" என்றும் கேளுங்கள்.

மூன்றாம் படி ஏறிய பிசின்

முழங்கால் வலிக்கு இங்கே பலர் வாங்கும் குப்பி போஸ்வெல்லியா. வடமொழியில் சல்லகி. அதன் பிசினிலுள்ள போஸ்வெல்லிக் அமிலங்கள் 5-லிபாக்ஸிஜனேஸ் என்ற நொதியை அடக்குகின்றன என்பது 1990-களின் தொடக்கத்தில் தெரிந்தது. 2003-இல் நாகபுரியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முழங்கால் தேய்மானமுள்ள 30 பேர். ஒவ்வொருவருக்கும் 8 வாரம் நிஜ மருந்து, 8 வாரம் போலி மருந்து. எது எப்போது என்று நோயாளிக்குத் தெரியாது. நிஜ மருந்து உண்ட காலத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் முறையான ஆய்வு. மூன்றாம் படி என்பது இப்படி இருக்க வேண்டும்.

திருமலைக் காட்டில் இதன் உறவினமான மரமொன்று இருக்கிறது. அந்த மலைகளுக்கே உரியது. அதன் பிசினைக் கொண்ட சாம்பிராணி என்பார்கள். அது வேறு மரம். சல்லகியில் கண்ட பலனை அதன் தலையில் ஏற்றி விற்றால் வாங்காதீர்கள்.

எக்ஸ்ட்ராக்ட் என்றால்

சமையலில் நாம் போடும் மஞ்சள் ஒரு சிட்டிகை. எக்ஸ்ட்ராக்ட் என்பது மஞ்சளிலுள்ள குர்குமினை மட்டும் கரைத்து, சுண்டவைத்து, செறிவாக்கியது. குர்குமினை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் கண்டார்கள். அந்த ஆய்விலிருந்து, குர்குமினோடு மிளகுச் சாறும் சேர்த்த மாத்திரைகள் பெருகின. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று 2022-இல் எழுதியது. ஐவர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். கோடிக்கணக்கானோர் உண்ணும் பொருளில் பத்து என்பது சிறிய எண்ணே. ஆயினும் நம் பாட்டி போட்ட மஞ்சளும் இந்த மாத்திரையும் ஒன்றல்ல என்பதற்கு அது சாட்சி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆன்டி ஆக்ஸிடன்ட் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று கேட்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது அது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையை, இதே காரணத்துக்காக 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதே ஃப்ரீ ராடிக்கலைக் கொண்டுதான். எல்லாவற்றையும் அணைத்துவிடுவது உடம்புக்கு நன்மை அல்ல.

வீட்டுக்குச் சில யோசனைகள்

ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உண்பவர்கள், மஞ்சள், பூண்டு, இஞ்சி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முன் எல்லாப் பொடிகளையும் மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உணவில் சேர்ப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டு: ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்ண வேண்டாம். அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

மூன்று: பெயர்ச் சீட்டு இல்லாத சூரணத்தை, முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், கொடுக்காதீர்கள். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில், 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன என்று 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. ஐந்தில் ஒன்று!

நான்கு: செஞ்சந்தனக் கட்டையை உரிய அனுமதியின்றிப் பெட்டியில் கொண்டுவராதீர்கள். 1995 முதல் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் அந்த மரம் இருக்கிறது. சுங்கத்தில் பிடித்தால் சிறு துண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மலை தாங்குமா?

இத்தனை பேச்சிலும் குப்பியின் மேல் எழுதாத கணக்கு ஒன்று உண்டு. மாகாளியில் நாம் உண்பது வேர். வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். அது மீண்டும் வளர்ந்து கிழங்காகப் பல ஆண்டுகள் ஆகும். ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் தோண்டியதிலேயே அது அருகிவிட்டது. இனி மாத்திரைக்கும் தோண்டினால் மிஞ்சுவது கொஞ்சமே. செம்மரத்தின் கதை இன்னும் கொடியது. மருந்துக்கு அல்ல, வெளிநாட்டு நாற்காலி மேசைகளுக்காக அதைத் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டதில், திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற 20 தமிழர்கள் இறந்தார்கள். மரத்தின் விலை உயர்ந்ததில் லாபம் கண்டவர்கள் யாரும் அந்த இருபது பேரில் இல்லை.

ஆகவே மாகாளி வாங்கினால், காட்டில் தோண்டியதா, தோட்டத்தில் பயிரிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் வேலியோரம் நாலு கொடி வைக்கச் சொல்லுங்கள். கேட்பவர் பெருகினால் பயிரிடுபவரும் பெருகுவார்கள்.

இனி சங்கக் கூட்டத்தில் குப்பியை நீட்டுகிறவர்களுக்கு என் பதில் இதுதான். சாப்பாட்டில் இருந்தால் சாப்பிடுங்கள். மாத்திரையில் இருந்தால், எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். டாக்டர் தந்த மருந்தை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.